எழுதி வைக்கப்படாத கொடுமை
பிரிக் லேன் முதல் மெக்பர்சன் அறிக்கை வரை: இலண்டன் மாநகரம் தரும் படிப்பினை

 

ஒரு ஜமாஅத்தின் வாழ்வு அதன் ஏடுகளில் இருக்கின்றது. யாருக்கும் யாருக்கும் எந்நாளில் திருமணம் நடைபெற்றது என்பதை நிகாஹ் தப்தர் சொல்கின்றது. யார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதை மையவாடிப் பதிவு சொல்கின்றது. வரவும் செலவும் கணக்கேட்டில் நிற்கின்றன. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பேரப்பிள்ளை சான்று கேட்டு வந்தால், அன்று எழுதி வைத்த ஒரு வரியே அவருக்குத் துணை நிற்கின்றது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சிகளை அமர்த்த வேண்டும் என்று கட்டளையிடும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாக அமைந்திருப்பதை நாம் அறிவோம். சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பதை அதனை அடுத்து வரும் வசனம் வலியுறுத்துகின்றது.

கடனுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமெனில், ஒரு மனிதனின் மானத்திற்கும் உயிருக்கும் இழைக்கப்படும் கொடுமைக்கு அவை வேண்டாவா? நம்முடைய பிள்ளைகள் பலர் படிப்பிற்காகவும் பிழைப்பிற்காகவும் பிரிட்டனுக்குச் செல்லும் காலம் இது. நிறத்தின் பெயராலும் மார்க்கத்தின் பெயராலும் அங்கே நேர்ந்த துன்புறுத்தல்களை அடையாளம் காணவும், முறைப்படி புகார் செய்யவும் அந்நாட்டு மக்கள் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதை இக்கட்டுரையில் வரலாற்று நோக்கில் காண விழைகின்றோம்.

ஒரு கட்டடம் சொல்லும் வரலாறு

கிழக்கு இலண்டனில் பிரிக் லேன் என்னும் தெருவில் ஒரு பள்ளிவாசல் உள்ளது. அக்கட்டடம் 1743ஆம் ஆண்டு எழுப்பப்பட்டபோது அது பள்ளிவாசல் அன்று. பிரான்சு நாட்டில் மதக் கொடுமைக்கு ஆளாகி ஓடிவந்த ஹியூகனாட் எனப்படும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் அதனைத் தம் தேவாலயமாகக் கட்டினர். பின்னர் அது மெதடிஸ்ட் பிரிவினரின் ஆலயமாயிற்று. ரஷ்யப் பேரரசில் நிகழ்ந்த வன்முறைகளுக்கு அஞ்சி வந்து குடியேறிய யூதர்கள் 1898இல் அதனைத் தங்கள் தொழுகைக்கூடமாக்கினர். யூதர்கள் படிப்படியாக அப்பகுதியை விட்டு வேறிடங்களுக்குப் பெயர்ந்த பின், வங்காள முஸ்லிம்கள் 1976இல் அங்கே பள்ளிவாசலைத் தொடங்கினர்.

ஒடுக்கப்பட்டு வந்தவர்கள் அடுத்தடுத்துத் தலைவைத்து இளைப்பாறிய கூரை அது. ஆயின், குடியிருந்தவர்கள் மாறினார்களே தவிர, தெருவில் அவர்களுக்குக் காத்திருந்த வெறுப்பு மாறவில்லை. 1936 அக்டோபர் 4 அன்று ஆஸ்வால்ட் மோஸ்லி என்பவரின் கருஞ்சட்டைப் படை யூதர்கள் வாழ்ந்த அதே கிழக்கு இலண்டன் வழியே ஊர்வலம் போக முற்பட்டது. கேபிள் தெருவில் யூதர்களும் ஐரிஷ் தொழிலாளர்களும் பிறரும் திரண்டு அதனைத் தடுத்து நிறுத்தினர். நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே வெறுப்பு வங்காள முஸ்லிம்களின் கதவைத் தட்டியது.

சிறியவை எனத் தள்ளப்பட்டவை

1970களில் பிரிக் லேனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தின் சில்ஹெட் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். துணி தைக்கும் கூடங்களிலும், தோல் ஆடைத் தொழிலிலும், உணவகங்களிலும் உழைத்தவர்கள். அவர்களைத் தெருவில் மடக்கி அடிப்பதைச் சில இளைஞர்கள் ஒரு விளையாட்டாகவே கொண்டிருந்தனர். 'பாக்கி பேஷிங்' என்று அதற்கொரு கொச்சைப் பெயரும் வழங்கியது. வங்காளியாயினும், பாகிஸ்தானியாயினும், இந்தியராயினும் அடிப்பவர்களுக்கு எல்லாரும் ஒன்றே. 1970 ஏப்ரலில் தோசிர் அலி என்னும் உணவகத் தொழிலாளி, வேலை முடிந்து வீடு திரும்பும்போது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

கொலை நாளேட்டில் வந்தது. ஆனால் கொலைக்கு முன்னும் பின்னும் நாள்தோறும் நடந்தவை எங்கும் வரவில்லை. நடப்பவர் மீது உமிழ்தல், தலைத்துணியை இழுத்தல், சன்னல் கண்ணாடியை உடைத்தல், கதவில் கடிதம் போடும் துவாரத்தின் வழியே அசுத்தத்தைத் தள்ளுதல், பள்ளி செல்லும் பிள்ளைகளை வழிமறித்து அடித்தல் ஆகியவை வழக்கமாகிவிட்டன. மக்கள் இவற்றுக்கு ஏற்பத் தம் வாழ்வை மாற்றிக்கொண்டனர். இருட்டியபின் வெளியே போவதைத் தவிர்த்தனர். கூட்டமாகவே நடந்தனர். பெண்கள் வீட்டினுள் அடைந்து கிடந்தனர்.

காவல்நிலையத்திற்குச் சென்றவர்கள் சிலரே. ஆங்கிலம் பேச வராமை ஒரு காரணம். பழிவாங்குவார்களோ என்ற அச்சம் மற்றொன்று. புகார் கொடுக்க வந்தவரிடமே கடவுச்சீட்டைக் காட்டுமாறு கேட்ட நிகழ்வுகளும் அக்காலத்தில் உண்டு. பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு என்ற எண்ணம் எல்லாவற்றினும் பெரிய காரணமாக இருந்தது. துணிந்து சென்று புகார் கொடுத்தவர்களின் வழக்கும் பெரும்பாலும் வழிப்பறி, இளைஞர்களுக்குள் சச்சரவு, அக்கம்பக்கத்துத் தகராறு என்றே எழுதப்பட்டது. தாக்கப்பட்டவர் ஏன் தாக்கப்பட்டார் என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. விளைவு என்ன? ஆயிரம் வீடுகளில் அறியப்பட்ட ஓர் உண்மை, அரசின் கணக்கில் இல்லாத ஒன்றாகவே நீடித்தது.

அல்தாப் அலியின் ஜனாஸா

1978 மே 4ஆம் நாள் இலண்டனில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்ற நாள். நேஷனல் ஃபிரண்ட் என்னும் இனவெறிக் கட்சியும் அதில் போட்டியிட்டது. அன்று மாலை, தோல் ஆடை தைக்கும் தொழிலாளியான அல்தாப் அலி என்னும் இளைஞர், வேலை முடிந்து ஒயிட்சேப்பல் பகுதியில் அட்லர் தெரு வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பதின்வயதினர் மூவர் அவரைத் தாக்கினர். கத்திக்குத்தினால் அவர் உயிர் துறந்தார். அவருக்கும் அவர்களுக்கும் முன்பின் அறிமுகமே கிடையாது.

பத்து நாட்கள் கழித்து, மே 14 அன்று, ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னே பிரிக் லேனிலிருந்து நகரின் நடுப்பகுதி வரை நடந்து சென்று, பிரதமர் இல்லத்தில் தம் கோரிக்கையை முன்வைத்தனர். அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு சமுதாயம் நாடறியப் பேசிய நாள் அது. ஆயினும் தாக்குதல் நின்றுவிடவில்லை. ஜூன் 11 அன்று ஏறத்தாழ 150 இளைஞர்கள் பிரிக் லேனுக்குள் புகுந்து கடைகளை நொறுக்கினர். அல்தாப் அலி வீழ்ந்த இடத்தருகே இருந்த பூங்காவிற்கு 1998இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

ஊர்வலத்தைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இங்கே குறிப்பிட விரும்புவது, அதே ஆண்டு செப்டம்பரில் சந்தடியின்றி நடந்த மற்றொரு செயலை. பெத்னல் கிரீன், ஸ்டெப்னி வட்டாரத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு, அப்பகுதியில் நிகழ்ந்த தாக்குதல்களைத் தொகுத்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. தெருச் சண்டை என்று தனித்தனியே தள்ளப்பட்ட நிகழ்வுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டபோது, அவற்றின் முகம் தெரிந்தது. தனியே நின்றபோது தற்செயல் போல் தோன்றியது, வரிசையில் நின்றபோது வழக்கமெனத் தெரிந்தது. எழுத்தின் ஆற்றல் இதுவே.

கிழக்கு இலண்டனின் மற்றொரு பகுதியாகிய நியூஹாமிலும் இதுவே நடந்தது. 1980 ஜூலையில் ஈஸ்ட் ஹாமில் அக்தர் அலி பேக் என்னும் இளைஞர் கொல்லப்பட்டதையடுத்து, அப்பகுதி மக்கள் 'நியூஹாம் கண்காணிப்புத் திட்டம்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். இரவு பகல் எந்நேரமும் அழைக்கத்தக்க தொலைபேசி ஒன்றை அவர்கள் நடத்தினர். அழைத்தவரின் வீட்டிற்குச் சென்றனர், நடந்ததை எழுதினர், காவல்நிலையத்திற்கு உடன் சென்றனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணி நடந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழும் பகுதி அந்த ஈஸ்ட் ஹாம். 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பஞ்சாட்சரம் சகிதரன் என்னும் தமிழ் இளைஞர், நியூஹாமில் ஒரு கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். இந்தக் கொடுமை நமக்கு அயலானது அன்று.

அரசு கணக்கெடுத்தபோது

மக்கள் அமைப்புகள் ஆவணங்களுடன் சென்று முறையிட்ட பின்னரே பிரிட்டிஷ் உள்துறை இதனை ஆராய முன்வந்தது. 1981 ஜூலையில், வால்தம்ஸ்டோ பகுதியில் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தின் வீட்டிற்குள் கடிதத் துவாரத்தின் வழியே பெட்ரோல் ஊற்றித் தீ வைக்கப்பட்டது. தாயும் மூன்று குழந்தைகளும் மாண்டனர். அதே ஆண்டு நவம்பரில் உள்துறையின் ஆய்வறிக்கை வெளிவந்தது. வெள்ளையரைக் காட்டிலும் ஆசியர்கள் இனவெறித் தாக்குதலுக்கு ஆளாகும் வாய்ப்பு 50 மடங்கும், மேற்கிந்தியத் தீவினருக்கு அது 36 மடங்கும் மிகுதி என்று அவ்வறிக்கை கண்டது. காவல்துறைக்கு வந்த புகார்களை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட கணக்கு அது. புகார் செய்யாதவர்களின் துன்பம் அதில் சேரவில்லை.

1980களின் நடுவில் காவல்துறை உயரதிகாரிகள் சங்கம் 'இன நிகழ்வு' என்பதற்கு ஒரு வரையறை வகுத்தது. நிகழ்வில் இனவெறி நோக்கம் இருப்பதாக அதிகாரிக்குத் தோன்றினாலோ, யாரேனும் அவ்வாறு குற்றஞ்சாட்டினாலோ அதனை அவ்வாறே கருத வேண்டும் என்பது அதன் சாரம். ஏட்டில் இருந்த இந்த வரையறை தெருவில் நிற்கும் அதிகாரியின் மனத்திற்குள் செல்லவில்லை என்பதை 1993ஆம் ஆண்டு காட்டியது.

ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கு

1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு இலண்டனின் எல்தம் பகுதியில், 18 வயது மாணவர் ஸ்டீபன் லாரன்ஸ் தம் நண்பர் டுவேய்ன் புரூக்ஸுடன் பேருந்துக்காகக் காத்திருந்தார். ஸ்டீபன் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மகன். கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற கனவுடன் படித்துக்கொண்டிருந்தவர். வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று இனத்தைச் சொல்லி இழிவாகக் கூவிக்கொண்டே வந்து அவரைக் கத்தியால் குத்தியது. முந்தைய ஆண்டு ஜூலையில் அதே எல்தமில் ரோகித் துகல் என்னும் 16 வயது இந்திய வமிசச் சிறுவர் குத்திக் கொல்லப்பட்டிருந்தார்.

சம்பவ இடத்திற்கு வந்த காவலர்கள், உயிர் தப்பிய நண்பரைப் பாதிக்கப்பட்டவராக நடத்தாமல், சந்தேகத்திற்குரியவரைப் போல் நடத்தினர். இது இனவெறிக் கொலை என்பதை ஏற்கவே அதிகாரிகளில் சிலர் தயங்கினர். சந்தேகத்திற்குரியவர்களின் பெயர்கள் விரைவிலேயே காவல்துறைக்குக் கிடைத்தன. ஆயினும் முதல் கைது நிகழ்ந்தது மே 7 அன்றுதான். அதற்கு முந்தைய நாள்தான் நெல்சன் மண்டேலா இலண்டனில் ஸ்டீபனின் பெற்றோரைச் சந்தித்திருந்தார்.

பெற்றோர் நெவில் லாரன்ஸும் டோரீன் லாரன்ஸும் ஓய்ந்துவிடவில்லை. அவர்களுக்காக வாதாட முன்வந்தவர் இம்ரான் கான் என்னும் இளம் வழக்கறிஞர். (பெயரைக் கண்டு கிரிக்கெட் வீரர் என எண்ண வேண்டாம்.) தனிப்பட்ட முறையில் அவர்கள் தொடுத்த வழக்கு 1996இல் தோற்றது. 1997இல் மரண விசாரணை மன்றத்தின் ஜூரிகள், எவ்விதத் தூண்டுதலுமின்றி நடந்த இனவெறித் தாக்குதல் இது என்று அறிவித்தனர். அதன் பின்னரே ஓய்வுபெற்ற நீதிபதி சர் வில்லியம் மெக்பர்சன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1999 பிப்ரவரி 24 அன்று 70 பரிந்துரைகளுடன் அவருடைய அறிக்கை வெளிவந்தது. காவல்துறையில் இனவெறி ஒரு நிறுவனத்தின் இயல்பாகவே படிந்துள்ளது என்று அது துணிந்து கூறியது.

பிற்காலத்தில் சட்டம் திருத்தப்பட்டு, விடுதலையானவரைப் புதிய சான்றின் பேரில் மீண்டும் விசாரிக்க வழி பிறந்தது. புதிய அறிவியல் சான்றுகளும் கிடைத்தன. 2012 ஜனவரி 3 அன்று இருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மகனை இழந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்துப் பெற்றோருக்குக் கிடைத்த நீதி அது. அதுவும் முழுமையான நீதி அன்று. கும்பலில் இருந்தவர்களுள் இருவரே தண்டிக்கப்பட்டனர்.

பதிவு வேறு, தீர்ப்பு வேறு

மெக்பர்சன் அறிக்கையில் நாம் கருத்தூன்ற வேண்டிய பரிந்துரைகள் மூன்று.

முதலாவது, பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு நிகழ்வை இனவெறி நிகழ்வு என்று உணர்ந்தால், அதனை இனவெறி நிகழ்வு என்றே கொள்ள வேண்டும் என்பது. அதிகாரியின் ஐயம் பதிவுக்குத் தடையாகக் கூடாது.

இரண்டாவது, சட்டப்படி குற்றமாகும் நிகழ்வுகளையும், குற்றம் என்னும் அளவை எட்டாத நிகழ்வுகளையும் ஒரே அக்கறையுடன் பதிந்து ஆராய வேண்டும் என்பது. (குற்றமல்லாத நிகழ்வுகளைப் பதிவதற்கு 2023இல் வந்த விதிமுறைகள் வரம்புகள் வகுத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

மூன்றாவது, காவல்நிலையம் அல்லாத வேறு இடங்களிலும், 24 மணி நேரமும் புகார் செய்ய வழி வேண்டும் என்பது. இதன்பின் நூலகங்கள், வீட்டுவசதி அலுவலகங்கள், சமுதாயக் கூடங்கள், வழிபாட்டுத் தலங்கள் எனப் பல இடங்கள் புகார் பெறும் நிலையங்களாயின.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. பாதிக்கப்பட்டவர் சொன்னவுடன் எதிராளி குற்றவாளி ஆகிவிடுகின்றார் என்பது இதன் பொருளன்று. அவர் சொன்னவுடன் பதிவு ஆகின்றது, அவ்வளவே. நீதிமன்றத்தில் பகைமையைச் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். பதிவு வேறு, தீர்ப்பு வேறு. ஆனால் பதிவு இல்லாத இடத்தில் தீர்ப்பு பிறப்பதில்லை.

மார்க்கம் சட்டத்திற்குள் வந்த கதை

1976ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் நிறம், இனம், தேசியம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுத்தது. மார்க்கம் அதில் இல்லை. தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவரைப் பள்ளியில் சேர்க்க மறுத்த வழக்கில், 1983இல் பிரபுக்கள் சபை சீக்கியர்களை ஓர் இனக்குழுவாக ஏற்றுக்கொண்டது. யூதர்களும் அவ்வாறே கருதப்பட்டனர். பல நாட்டினரும் பல மொழியினரும் சேர்ந்த முஸ்லிம்களோ ஓர் இனம் அல்லர் என்று பின்வந்த தீர்ப்புகள் கூறின. ஆகவே ஒருவரைப் பாகிஸ்தானி என்று ஏசினால் வழக்கு உண்டு, முஸ்லிம் என்று ஏசினால் இல்லை என்ற விசித்திர நிலை நீடித்தது.

1998ஆம் ஆண்டின் குற்ற, ஒழுங்கின்மைச் சட்டம் இனப்பகையால் செய்யப்படும் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை வகுத்தது. எடுத்துக்காட்டாக, சாதாரணத் தாக்குதலுக்கு 6 மாதம் என்றிருந்த உச்சத் தண்டனை, இனப்பகை சேர்ந்தால் 2 ஆண்டுகளாயிற்று. 2001 செப்டம்பர் 11 நிகழ்வுக்குப் பின் முஸ்லிம்கள் மீதான தாக்குதல்கள் பெருகிய சூழலில், அவ்வாண்டு டிசம்பரில்தான் மார்க்கப் பகையும் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2003இல் பணியிடப் பாகுபாட்டிற்கு எதிராகவும், 2006இல் மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராகவும் சட்டங்கள் வந்தன. 2016 ஏப்ரல் முதல் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைகள் எந்த மார்க்கத்தார் குறிவைக்கப்பட்டனர் என்பதையும் பதியத் தொடங்கின. 2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் பதிவான மதவெறுப்புக் குற்றங்கள் 10,484. அவற்றுள் முஸ்லிம்களைக் குறிவைத்தவை 3,866, யூதர்களைக் குறிவைத்தவை 3,282. பிரிக் லேன் கட்டடத்தில் முன்னும் பின்னுமாகத் தொழுத இரு சமுதாயங்களும் இக்கணக்கில் அடுத்தடுத்து நிற்பதைக் காண்க.

அடையாளம் காண்பது எவ்வாறு?

அடிபட்டால்தான் துன்புறுத்தல் என்று நினைப்பது தவறு. பெயரையோ, நிறத்தையோ, தொப்பி, தாடி, ஹிஜாபையோ சுட்டி இழிவாகப் பேசுதல், மிரட்டல் கடிதம், தொலைபேசி அல்லது இணையம் வழியே வசை, வீட்டுச் சுவரில் எழுதுதல், வாசலில் பன்றி இறைச்சியைப் போடுதல், வாகனத்தைச் சேதப்படுத்துதல், பணியிடத்தில் ஒருவரை மட்டும் நாள்தோறும் கேலிப்பொருளாக்குதல் ஆகிய எல்லாமே துன்புறுத்தலே. சொல்பவர் 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பதால் அது விளையாட்டாகிவிடாது.

பிள்ளை வழக்கமான வழியை விட்டுச் சுற்றிப் போகின்றானா? பள்ளிக்குப் போக மறுக்கின்றானா? மனைவி தனியே கடைக்குச் செல்ல அஞ்சுகின்றாரா? மகன் பணியிடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மௌனமாகின்றானா? சொல்லப்படாத துன்பம் இவ்வாறுதான் வெளிப்படும்.

எழுத வேண்டியவை

நாள், நேரம், இடம் ஆகியவற்றை அன்றே எழுத வேண்டும். சொன்ன சொற்களை மெருகேற்றாமல், குறைக்காமல், கேட்டவாறே எழுத வேண்டும். செய்தவரின் தோற்றம், வாகன எண், அருகில் இருந்தவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரில் எழுதப்பட்டதை அழிப்பதற்கு முன்னும், உடைந்ததைச் சீர்செய்வதற்கு முன்னும் புகைப்படம் எடுக்க வேண்டும். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பதிவு பெற வேண்டும். மிரட்டல் செய்திகளை அருவருப்பால் அழித்துவிடக் கூடாது.

பிரிட்டனில் ஆபத்து நேரத்திற்கு 999, மற்ற நேரத்திற்கு 101 என்ற எண்களில் காவல்துறையை அழைக்கலாம். புகார் செய்யும்போது, இனத்தின் அல்லது மார்க்கத்தின் காரணமாகவே இது நடந்ததாகத் தாம் கருதுவதை வாய் திறந்து சொல்ல வேண்டும். அச்சொல்லே பதிவின் தலைப்பை மாற்றுகின்றது. குற்றப் பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சிறியது என்று எதனையும் விடலாகாது. 1997ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, ஒருவர் மீது துன்புறுத்தல் குற்றம் நிலைபெற வேண்டுமாயின் அவர் குறைந்தது இரு முறை அவ்வாறு நடந்திருக்க வேண்டும். முதல் நிகழ்வை எழுதாமல் விட்டவருக்கு இரண்டாம் நிகழ்வே முதலாவதாக நிற்கும்.

பொறுமை என்பது மௌனமன்று

'சபூர் செய்வோம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று நம்மவர் சொல்வது வழக்கம். பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பொறுமை என்பது கைநீட்டாமல் இருப்பது, வாய்மூடி இருப்பதன்று. இதற்கு ஒரு சான்று காட்டுவோம். 2017 ஜூன் 19 அன்று, ரமளான் இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், வடக்கு இலண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பகுதியில் ஒருவன் அவர்கள் மீது வேனை ஏற்றினான். மக்ரம் அலி என்பவர் உயிரிழந்தார். ஆத்திரமுற்ற கூட்டம் அவனைச் சூழ்ந்தபோது, இமாம் முஹம்மது மஹ்மூத் அவர்கள் குறுக்கே நின்று, அவன் மீது கை விழாமல் காத்து, காவல்துறையிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 43 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. இமாம் அவர்கள் பொறுமையையும் கைவிடவில்லை, நீதியையும் கைவிடவில்லை.

2024 ஜூலை 30 அன்று சவுத்போர்ட் நகரில், பொய்ச் செய்தி ஒன்றை நம்பிய கும்பல் பள்ளிவாசலைத் தாக்கியது. மறுநாளே அவ்வூர் மக்கள், முஸ்லிம் அல்லாதார் உட்பட, செங்கல் சுமந்து வந்து இடிந்த சுவரை எழுப்ப உதவினர். வெறுப்பவர்கள் சிலர், உடன் நிற்பவர்கள் பலர். உடன் நிற்பவர்கள் நம்மிடம் வர வேண்டுமாயின், நமக்கு நேர்ந்ததை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அறிவிப்பது நம் பொறுப்பு.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். நம் பிள்ளைகள் பிறரது நிறத்தையோ, மொழியையோ, வழிபாட்டையோ கேலி செய்தால், அதுவும் துன்புறுத்தலே. அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவருக்கு நேர்ந்த கொடுமைக்குச் சாட்சி சொல்வது நம் மீது கடமை. மெக்பர்சன் வரையறையில் 'வேறு எவரோ' என்று வரும் சொல், கண்டவர்களாகிய நம்மையே சுட்டுகின்றது.

ஜமாஅத்தார் செய்யத்தக்கது பெரிதன்று. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசும்போது, சம்பளத்தையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, 'உன்னை அங்கே யாரும் தொல்லை செய்கின்றார்களா?' என்றும் கேட்போம். அவர் சொன்னால், 'பெரிதுபடுத்தாதே' என்று அடக்காமல், 'எழுதி வை, புகார் செய், தனியே போகாதே' என்று சொல்வோம். அல்தாப் அலி போன்றோரின் காலத்தில் எழுதப்படாமல் போன ஒவ்வொரு வரியும் அடுத்த கொடுமைக்குத் துணிவூட்டியது. எழுதப்பட்ட வரிகளோ காலம் தாழ்த்தியேனும் சட்டத்தை மாற்றின.

அநீதி இழைப்பவர்களாகவும், அநீதிக்கு ஆளாகிறவர்களாகவும், அநீதியைக் கண்டு மௌனம் காப்பவர்களாகவும் ஆகிவிடாமல் வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததியினரையும் காத்தருள்வானாக! ஆமீன்.